வேலை போனபின் கார்டு பாக்கி: கடனைத் தீர்த்துத் தருவதாகச் சொல்லும் சேவைகள் எப்படி?

வேலை போய், கிரெடிட் கார்டு பாக்கி நிற்கும்போது கைகொடுப்பதாகச் சொல்லும் சேவைகள் நிறைய. அவற்றில் உருப்படியானது, விளம்பரமே இல்லாத ஒன்று: கார்டு கொடுத்த வங்கியே வைத்திருக்கும் கஷ்டகாலத் தவணை ஏற்பாடு, அதாவது வட்டியைக் குறைத்துப் பாக்கியை மாதத் தவணைகளாக மாற்றித் தருவது. வங்கி அதைத் தானாக எடுத்து நீட்டாது. செயலியில் தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது. கேட்க வேண்டும், அதையும் சரியான ஆளிடம் கேட்க வேண்டும்.

முதலில் மினிமம் டியூ, அதாவது மாதாமாதம் குறைந்தபட்சமாகக் கட்டச் சொல்லும் தொகை, அதன் கணக்கைப் பார்த்துவிடலாம். அதைக் கட்டிக்கொண்டே வண்டி ஓட்டலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாக்கி 1,00,000, வட்டி மாதம் 3%, மினிமம் டியூ 5% என்று வையுங்கள். முதல் மாதம் கட்டும் 5,000-இல் 3,000 வட்டிக்கே போகிறது. புதிதாக ஒரு பைசா செலவழிக்காமல் 24 மாதம் இப்படியே கட்டினால், கையை விட்டுப் போனது சுமார் 96,000. இன்னும் நிற்கும் பாக்கி சுமார் 61,600. இதே கடனை ஆண்டுக்கு 15% வட்டியில் 24 தவணையாக மாற்றினால் மாதம் ஏறக்குறைய 4,850, மொத்தம் 1,16,400, அத்தோடு கணக்கு முடிந்தது. 48 தவணை என்றால் மாதம் 2,780 போதும்; மொத்தம் 1,33,600 ஆகும். சம்பளம் இல்லாத வீட்டில் மொத்தத்தை விட மாதத் தவணைதான் முக்கியம் என்பதால், நீண்ட தவணை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் டியூ தேதி தாண்டுவதற்கு முன்பே வங்கியை அழைப்பதுதான் நல்லது. கஸ்டமர் கேரில் முதலில் எடுப்பவருக்கு வட்டியைக் குறைக்கும் அதிகாரம் இருக்காது. மினிமமாவது கட்டுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வார். வேலை போய்விட்டது, கடனைத் திருத்தித் தரும் பிரிவுக்கு மாற்றுங்கள் என்று நேராகச் சொல்லுங்கள். கையில் இருக்க வேண்டியவை: வேலை முடிந்ததற்கான கடிதம், மூன்று முதல் ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட், வீட்டு வாடகை முதல் மருந்து வரை எழுதிய ஒரே பக்கச் செலவுக் கணக்கு. அந்தக் கணக்கில் மிஞ்சும் தொகை முழுவதையும் தருவதாகச் சொல்லிவிடாதீர்கள். முக்கால் பங்கோடு நிறுத்துங்கள். ஒரு தவணை தவறினாலே ஏற்பாடு ரத்தாகி பழைய வட்டி திரும்புவது இதில் வழக்கமான விபத்து.

பேச்சு முடிவதற்குள் நான்கு விஷயம் தெளிவாக வேண்டும்: புது வட்டி எவ்வளவு, ஏற்கெனவே விழுந்த லேட் ஃபீ கழிக்கப்படுமா, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டில் இது எப்படிப் பதிவாகும், தவணை தவறினால் என்ன நடக்கும். பதிலை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை அடுத்த மாத ஸ்டேட்மென்டில் ஏறாது. 'மூன்று மாதம் கட்ட வேண்டாம்' என்றால் உடனே மகிழ வேண்டாம். அந்தக் காலத்தில் வட்டி ஓடுமா என்று கேளுங்கள். மாதம் 3% ஓடினால் 1,00,000 மூன்றே மாதத்தில் 1,09,270 ஆகிவிடும்.

குறைகளும் உண்டு. ஏற்பாட்டுக்குள் வந்ததும் கார்டு பெரும்பாலும் முடக்கப்படும். அதில் மாதாமாதம் தானாகப் போகும் சந்தாக்களும் காப்பீட்டுப் பிரீமியமும் நின்றுவிடும். முன்கூட்டியே வேறு கணக்குக்கு மாற்றுங்கள். சேமிப்புக் கணக்கும் கார்டும் ஒரே வங்கியில் இருந்தால், பல நாடுகளில் பாக்கிக்காக அந்தக் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்ள வங்கிக்கு உரிமை உண்டு. கடைசிச் சம்பளமும் வேலை முடிந்ததற்கான தொகையும் வந்து விழும் கணக்கு எது என்று அதற்கு முன்பே பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

விளம்பரம் செய்யும் செட்டில்மென்ட் நிறுவனங்களுக்கு ஐந்துக்கு ஒரு மதிப்பெண்கூட அதிகம். பாதிக்குப் பாதி குறைத்துத் தருகிறோம் என்பார்கள். வழிமுறை இதுதான்: வங்கிக்குக் கட்டுவதை நிறுத்தச் சொல்லி, அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் சேர்க்கச் சொல்வார்கள். பாக்கி பல மாதம் அழுகிய பிறகு பேரம் பேசுவார்கள். இடையில் ஏறும் வட்டி, லேட் ஃபீ, வழக்கு வந்தால் அதன் செலவு எல்லாம் உங்கள் தலையில். கட்டணமாகக் கடனில் 15 முதல் 25% வரை கேட்பது சாதாரணம். கடன் எதையும் தீர்ப்பதற்கு முன்பே இவர்கள் கட்டணம் வசூலிப்பதை அமெரிக்காவில் 2010-இல் விதி போட்டுத் தடுக்க வேண்டிவந்தது என்றால் தொழிலின் லட்சணம் புரியும். தவிர, நெடுநாள் கட்டாமல் நின்ற கணக்கை ஒரே தொகையில் முடிக்க வங்கிகள் தாங்களாகவே முன்வருவதுண்டு. அந்தப் பேரத்தை நீங்களே பேசலாம்.

லாப நோக்கமில்லாத கடன் ஆலோசனை மையங்கள் வேறு ரகம். முதல் ஆலோசனை பொதுவாக இலவசம். எல்லாக் கார்டுகளையும் ஒரே மாதத் தொகையாக்கும் அவர்களுடைய திட்டம் மூன்று முதல் ஐந்து ஆண்டு ஓடும். அதற்கு நிலையான வருமானம் வேண்டும். எனவே இப்போது ஆலோசனைக்கு மட்டும் போங்கள், திட்டத்தில் சேர்வது வேலை கிடைத்த பிறகு. ஒரு கார்டின் பாக்கியைக் குறைந்த வட்டியில் இன்னொரு கார்டுக்கு மாற்றும் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபருக்கு வருமானச் சான்று கேட்பார்கள், அதனால் இப்போது கிடைப்பது அரிது. ஒரு கார்டில் பணம் எடுத்து இன்னொன்றைக் கட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம்: எடுத்த நாளிலிருந்தே வட்டி, மேலே கட்டணம் வேறு.

பலரும் மறந்துவிடுவது, வேலை போனால் கார்டு தவணையைக் கட்டித்தரும், கார்டோடு ஒட்டிவந்த தவணைக் காப்பீட்டை. பழைய ஸ்டேட்மென்டுகளில் மாதாமாதம் சிறு தொகை பிடித்தமாகியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் வேலை போன தேதியிலிருந்து எத்தனை நாளுக்குள் கோர வேண்டும் என்று உடனே படியுங்கள். நீங்களாக ராஜினாமா செய்திருந்தால் கிடைக்காது. கிடைத்தாலும் பெரும்பாலும் சில மாத மினிமம் டியூ மட்டும்தான். ஆனால் அந்தச் சில மாதம்தான் மூச்சுவிடும் நேரம்.

எந்த வழியில் பாக்கி முடிந்தாலும், தொகையும் தேதியும் எழுதிய கடிதம் கைக்கு வந்த பிறகே பணம் கட்டுங்கள். அதுவும் வங்கிக் கணக்குக்கே, வசூலுக்கு வருபவரின் கையிலோ அவர் சொல்லும் கணக்கிலோ அல்ல. முடிந்ததும் பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பழைய கடன்களை வங்கிகள் மொத்தமாக விற்பதுண்டு. நீங்கள் கேள்விப்படாத ஒரு நிறுவனம் சில ஆண்டு கழித்து அதே பாக்கியைக் கேட்டு வந்தால் காட்ட அந்தக் கடிதம்தான் இருக்கும்.