வணிக வீடியோவுக்குக் கோச்சா, கன்சல்டன்ட்டா? நான்கு ஆண்டு அனுபவம்

தண்ணீர் வடிகட்டிகளைப் பொருத்திப் பராமரித்துக் கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் யூடியூப் வீடியோக்கள் மூலம் வாடிக்கையாளர்களை அடைவது என்று முடிவு செய்து, முதலில் மூன்று மாதங்களுக்கு ஒரு கன்சல்டன்ட்டையும், இடைவெளி விட்டு எட்டு மாதங்களுக்கு ஒரு கோச்சையும் அமர்த்தினேன். இருவருடைய ஒப்பந்தமும் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால், அவர்கள் தந்தவற்றில் எது இன்றும் கைகொடுக்கிறது என்பதை இப்போது நிதானமாகச் சொல்ல முடிகிறது.

கன்சல்டன்ட் நம் தொழிலை ஆராய்ந்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்பவர். கோச் நம்மைச் செய்ய வைப்பவர். 1995-இல் தொடங்கப்பட்ட ஐ.சி.எஃப். என்னும் சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பின் வரையறையும், வாடிக்கையாளருக்குத் துணையாக இருந்து அவருடைய சிந்தனையைத் தூண்டுவதைத்தான் கோச்சிங் என்கிறது. ஆனால் வீடியோ துறையில் இந்தப் பெயர்களை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. கோச் என்று சொல்லிக்கொண்டு ஸ்கிரிப்ட் எழுதித் தருபவர்களும் உண்டு, கன்சல்டன்ட் என்று சொல்லிக்கொண்டு எடிட்டிங் வேலையை மட்டும் ஏற்பவர்களும் உண்டு.

நான் அமர்த்திய கன்சல்டன்ட் வேலையில் கெட்டிக்காரர். எங்கள் அலுவலகத்துக்கு வந்த நாற்பது தொலைபேசி அழைப்புகளின் பதிவுகளைப் பொறுமையாகக் கேட்டு, மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைப் பட்டியலிட்டார். டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்திருக்கும் பொருள்களின் அளவு, எவ்வளவு இருக்கலாம், வடிகட்டியின் கார்ட்ரிட்ஜை எப்போது மாற்றுவது, ஆர்.ஓ. கருவி ஏன் இவ்வளவு தண்ணீரை வெளியேற்றுகிறது என்ற மூன்று கேள்விகளே பெரும்பகுதியாக இருந்தன. இவற்றை வைத்து எந்த வீடியோவை எந்த வரிசையில் எடுப்பது, எதற்கு என்ன தலைப்பு வைப்பது, விளக்கப் பகுதியில் தரும் இணைப்புகளில் யு.டி.எம். குறியீடு சேர்த்து எந்த வீடியோவிலிருந்து விசாரணை வந்தது என்று எப்படிக் கண்டறிவது என்பதையெல்லாம் 46 பக்க அறிக்கையாகத் தந்தார்.

அதற்குப் பின் வந்த ஏழு மாதங்களில் நான் எடுத்த வீடியோக்கள் இரண்டே இரண்டு. அறிக்கையில் பிழை ஏதும் இல்லை. கேமரா முன் நின்றதும் என் குரல் மாறிவிடும். எழுதி வைத்ததைப் பார்த்துப் படித்தால் உயிரில்லாமல் இருக்கும், பார்க்காமல் பேசினால் பாதியில் நின்றுவிடும். எடுப்பதும் அழிப்பதுமாகவே நாட்கள் போயின. கேமரா முன் யார் நிற்கப் போகிறார்கள், அவரால் அது முடியுமா என்ற கேள்வி அந்த மூன்று மாதங்களில் ஒருமுறைகூட எழவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கோச்சுடன் நடந்த இரண்டாவது சந்திப்பு இன்றும் நினைவில் இருக்கிறது. ஸ்கிரிப்டை ஒதுக்கி வைக்கச் சொன்னார். அன்று காலை ஒரு வீட்டிலிருந்து கழற்றி வந்திருந்த செடிமென்ட் கார்ட்ரிட்ஜ் மேசைமேல் கிடந்தது; வெள்ளையாக இருந்திருக்க வேண்டியது சேறு படிந்து காப்பிப் பொடி நிறத்துக்கு வந்திருந்தது. "சார், இதைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டம்மாவிடம் காலையில் என்ன சொன்னீர்களோ, அதையே என்னிடம் சொல்லுங்கள்" என்றார். கைப்பேசியைக் கண் மட்டத்தில் நிறுத்திவிட்டு அதன் பின்னால் அவரே உட்கார்ந்துகொண்டார். கார்ட்ரிட்ஜைத் திருப்பிக் காட்டி, எந்தப் பக்கம் முதலில் அடைக்கிறது, அடைத்தால் குழாயில் வேகம் எப்படிக் குறைகிறது என்று நான்கு நிமிடம் இடைவிடாமல் பேசியிருக்கிறேன். கையில் ஒரு பொருள் இருந்தால் எனக்குப் பேச்சு வரும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதன்பின் வெறுங்கையுடன் நான் கேமரா முன் நின்றதில்லை.

வாரம் ஒரு மணி நேரம் பேசுவோம். முந்தைய வார வீடியோவின் ரிடென்ஷன் வரைபடத்தை, அதாவது பார்வையாளர்கள் எந்த நொடியில் விலகுகிறார்கள் என்று யூடியூப் ஸ்டுடியோ காட்டும் கோட்டை, திறந்து வைத்துக்கொள்வோம். என் வீடியோக்கள் ஒவ்வொன்றிலும் அந்தக் கோடு பன்னிரண்டாவது நொடிக்குள் செங்குத்தாக இறங்கியது. அங்கேதான் எங்கள் லோகோ சுழன்று வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபின் எடுத்துவிடும்படி எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. லோகோவை நீக்கியதும், கேள்வியை முதல் வாக்கியத்திலேயே வைத்ததும், காலரில் மாட்டும் சிறிய மைக் ஒன்றை வாங்கியதும் தவிர அந்த எட்டு மாதங்களில் வேறு பெரிய மாற்றம் எதையும் செய்யவில்லை. 38 வீடியோக்கள் வெளியாயின.

இருந்தும் ஒரு குறை இருந்தது. வியூஸ் ஏறியது, அழைப்புகள் அதற்கேற்ப ஏறவில்லை. டி.டி.எஸ். மீட்டர் நீரில் கரைந்திருக்கும் பொருள்களின் அளவைத்தான் காட்டும், கிருமிகளைக் காட்டாது என்று விளக்கிய வீடியோவை மிகப் பலர் பார்த்தார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் எங்கள் ஆட்கள் சென்று சேர முடியாத தொலைவில் இருந்தவர்கள். நான் தவறாமல் வீடியோ போடுகிறேன் என்பதில் கோச்சுக்கு நிறைவு. இந்த வீடியோ தொழிலுக்கு உதவுமா என்ற கேள்விக்கு, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். அவருடைய முறை அதுதான் என்றாலும், அந்த இடத்தில் எனக்கு வேண்டியிருந்தது விடை தெரிந்த ஒருவர்.

அப்போது பழைய அறிக்கையை மீண்டும் எடுத்தேன். முதல்முறை படித்தபோது வெறும் சொற்களாகத் தெரிந்த பக்கங்கள் இப்போது புரிந்தன. பொது அறிவுக்காகப் பார்ப்பவர், வாங்கும் முடிவுக்கு அருகில் இருப்பவர் என்று பார்வையாளரை அவர் ஏன் பிரித்திருந்தார் என்பது, இரு வகை வீடியோக்களையும் நானே எடுத்துப் பலன் பார்த்த பிறகுதான் விளங்கியது. வீடியோவின் முகப்புப் படமான தம்ப்நெயிலைக் கண்டவர்களில் 4 சதவீதத்தினர்தான் அதைக் கிளிக் செய்கிறார்கள் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். பாதிச் சேனல்களுக்கு அந்த விகிதம் 2 முதல் 10 சதவீதத்துக்குள்தான் இருக்கும் என்று யூடியூபின் உதவிப் பக்கமே சொல்வதை அறிக்கையில் கண்டு அந்தக் கவலையை விட்டேன். யு.டி.எம். குறியீடுகளையும் அதற்குப் பிறகே சேர்த்தேன்.

ஆகவே, உரிமையாளரே கேமரா முன் நிற்கும் சிறு தொழிலாக இருந்தால் முதலில் கோச், இருபது வீடியோக்களாவது வெளியான பிறகு கன்சல்டன்ட் என்பதே என் கருத்து. நான் செய்தது தலைகீழ் வரிசை. ஏழு மாதங்கள் வீணானதற்கு அதுவே காரணம். பேசுவதற்கும் எடுப்பதற்கும் ஏற்கெனவே ஆட்கள் இருந்து, விளம்பரத்துக்குப் பணம் செலவிடப் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. பார்ப்பவர் ஸ்கிப் செய்து தாண்டக்கூடிய யூடியூப் விளம்பரத்தில், பார்வைக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தும் முறையில், ஒருவர் 30 நொடிகள் பார்த்தாலோ, அதைவிடச் சிறிய விளம்பரமாக இருந்து முழுவதும் பார்த்தாலோ, கிளிக் செய்தாலோதான் பார்வை கணக்கில் சேரும். இத்தகைய நுணுக்கங்களை அறிந்து பணத்தைச் சரியாகப் பங்கிட கன்சல்டன்ட்தான் வேண்டும்.

யாரை அமர்த்தினாலும் சேனல் உங்கள் மின்னஞ்சலிலேயே தொடங்கப்பட வேண்டும். எங்கள் சேனலைக் கன்சல்டன்ட்டின் அலுவலகம் தன் கணக்கில் தொடங்கிவிட்டதால், அதை என் பெயருக்கு மாற்றப் பல நாட்கள் அலைய நேர்ந்தது. மற்றவர்களுக்கு ஸ்டுடியோவில் மேலாளர் அனுமதி கொடுத்தால் போதும்.

கோச்சோ கன்சல்டன்ட்டோ, அமர்த்த நினைப்பவர்களுடைய சொந்தச் சேனலில் எத்தனை சப்ஸ்கிரைபர்கள் இருக்கிறார்கள் என்று நான் இப்போது பார்ப்பதில்லை. ஓராண்டுக்கு முன் அவர்களிடம் வேலையை முடித்துக்கொண்ட இரண்டு வாடிக்கையாளர்களின் சேனல்களைக் கேட்டு வாங்கி, அங்கே கடைசி வீடியோ எப்போது வெளியானது என்று பார்க்கிறேன். எட்டு மாதங்களாக அசைவில்லாமல் கிடக்கும் சேனல் எவ்வளவு அழகாக இருந்தாலும், அவருடன் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்வேன்.

அடுத்த மாதம் அதே கன்சல்டன்ட்டை ஒரே ஒரு நாளுக்கு மீண்டும் அழைத்திருக்கிறேன். இம்முறை அறிக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதுவரை வெளியானவற்றில் எவற்றைப் புதிதாக எடுப்பது, எவற்றுக்குத் தலைப்பை மட்டும் மாற்றுவது என்று இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யப் போகிறோம்.