பிக்சல் 8-இன் பூட்டு: எங்கே உறுதி, எங்கே ஓட்டை

கூகுளின் பிக்சல் 8 பற்றி வந்த மதிப்புரைகளில் பாதிக்கு மேல் கேமராவைச் சுற்றியே இருக்கும். இங்கே கேமரா பேச்சு இல்லை. போன் தொலைந்தால், திருடு போனால், சர்வீஸுக்குக் கொடுத்தால் உள்ளே இருக்கும் படங்கள், வாட்ஸ்அப் உரையாடல், வங்கிச் செயலி எல்லாம் என்ன ஆகும் என்பதை மட்டும் பார்க்கலாம். 2023 அக்டோபரில் இந்தியாவில் 75,999 ரூபாய்க்கு வந்த போன் இது. வெளியான நாளிலிருந்து ஏழு ஆண்டுகள், அதாவது 2030 அக்டோபர் வரை, செக்யூரிட்டி அப்டேட் வரும் என்று கூகுள் உறுதி கொடுத்திருக்கிறது. பூட்டைப் பொறுத்தவரை இந்த ஏழு ஆண்டு என்பது கேமராவை விடப் பெரிய விஷயம். ஏன் என்பது கீழே வரும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சில்லும் குறியாக்கமும் (சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி தரவை மாற்றி வைப்பது) மிக நன்றாக இருக்கின்றன. ஆனால் பெட்டியைப் பிரித்ததும் கிடைக்கும் செட்டிங்ஸ் அந்தத் தரத்துக்கு இல்லை. அரை மணி நேரம் ஒதுக்கிச் சிலவற்றை மாற்றியே ஆகவேண்டும்.

குறியாக்கத்தை ஆன் செய்ய எந்த பட்டனும் கிடையாது, எப்போதும் ஆனில்தான் இருக்கும். ஆண்ட்ராய்டு 10 முதல் புதிதாக வரும் எல்லா போன்களிலும் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே குறியாக்கம் செய்வது கட்டாயம். அதனால் பத்தாயிரம் ரூபாய் போனிலும் இது உண்டு. எழுபதாயிரம் கொடுத்து வாங்கும்போது கூடுதலாகக் கிடைப்பது டைட்டன் எம்2 என்ற தனிப் பாதுகாப்புச் சில்லு. நீங்கள் போடும் பின் நம்பரிலிருந்து ஒரு சாவி உருவாகிறது. சில்லுக்குள் இருக்கும் ரகசியத்தோடு அது சேர்ந்தால்தான் கோப்புகள் திறக்கும். சில்லோ, சரியான பின் நம்பர் வராமல் தன் ரகசியத்தை வெளியே விடாது. கோப்புகள் இருக்கும் மெமரியைத் தனியே கழற்றி வேறு கருவியில் மாட்டினாலும் கிடைப்பது குப்பைதான். கூகுளே கையெழுத்திட்ட புதிய மென்பொருளைக்கூட, உங்கள் பின் நம்பர் இல்லாமல் தரவை அழிக்காமல் அந்தச் சில்லில் ஏற்ற முடியாது. நிறுவனத்தின் உள்ளே இருப்பவரிடமிருந்தும் காக்க வேண்டும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு அது. இந்த போனில் எங்களுக்கு மிகவும் பிடித்த அம்சமும் அதுதான்.

அப்படியானால் நான்கு இலக்கம் போதுமா? போதாது. காரணம் கணக்கில் இருக்கிறது. தவறான முயற்சிகள் கூடக் கூட அடுத்த முயற்சிக்கான காத்திருப்பு நேரமும் நீளும். ஆண்ட்ராய்டின் பொது மூல நிரலில் பல ஆண்டுகளாக இருந்துவந்த வாய்பாடு இது: ஐந்தாவது தவறுக்கு 30 விநாடி, பத்திலிருந்து இருபத்தொன்பது வரை ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி, முப்பதிலிருந்து ஒவ்வொரு பத்துக்கும் காத்திருப்பு இரட்டிப்பாகும், 140-ஐத் தாண்டினால் நாளுக்கு ஒரே முயற்சி. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் முதல் 140 முயற்சிகள் ஏழு நாளில் முடிந்துவிடுகின்றன. மிச்சமுள்ள எண்களை நாளுக்கொன்றாகப் போட்டுப் பார்க்க 27 ஆண்டுகள் வரை ஆகும். ஆக, உங்கள் பின் நம்பர் திருடனின் முதல் 140 ஊகங்களுக்குள் இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி. 1950 முதல் 2010 வரை பிறந்த வருடங்களை மட்டும் போட்டால் 61 ஊகங்கள். 1234, 0000, 1111, 2580 போன்றவற்றைச் சேர்த்தாலும் 140-க்குள் அடங்கிவிடும். பிறந்த வருடத்தைப் பின் நம்பராக வைத்திருப்பவரின் போன் ஒரு வாரத்தில் திறந்துவிடும், சில்லு எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

ஆகவே ஆறு இலக்கம். தேதியோ வண்டி நம்பரோ அல்லாத ஆறு இலக்கம். ஆறு போட்டால் ‘ஆட்டோ கன்ஃபர்ம்’ என்று ஒரு வசதி வரும். கடைசி இலக்கத்தைத் தொட்டதும், என்டர் தட்டாமலே திறக்கும். அதை அணைத்து வையுங்கள். ஆன் செய்தால் உங்கள் பின் நம்பர் எத்தனை இலக்கம் என்பது பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். பேட்டர்ன் வேண்டவே வேண்டாம். ஒன்பது புள்ளிகளில் 3,89,112 பேட்டர்ன்கள் போடலாம் என்றாலும், மக்கள் போடுவது இடது மேல் மூலையில் தொடங்கும் சில எழுத்து வடிவங்களைத்தான். போதாததற்கு விரல் எண்ணெய் கண்ணாடியில் கோடாகவே நிற்கும்; போனை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாலே தெரியும்.

அடுத்தது, பலரும் அறியாத, ஆனால் பூட்டின் உயிர்நாடியான விஷயம். போனை ஆன் செய்து முதல் தடவை பின் நம்பர் போடும் வரை ஒரு நிலை. போட்ட பிறகு வேறொரு நிலை. முதல் நிலையைச் சோதித்துப் பார்ப்பது எளிது. போனை ரீஸ்டார்ட் செய்து, திறக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு, இன்னொரு போனிலிருந்து அழையுங்கள். மணி அடிக்கும், ஆனால் அழைப்பவரின் பெயர் வராது, வெறும் எண் மட்டும் வரும். தொடர்புப் பட்டியலே இன்னும் பூட்டிக் கிடப்பதால் போனுக்கே அந்தப் பெயர் தெரியாது. வாட்ஸ்அப் செய்தியும் வராது. அலாரம் மட்டும் அடிக்கும். அது தனியே, பின் நம்பர் தேவைப்படாத பகுதியில் இருக்கிறது.

ஒருமுறை திறந்துவிட்டால், பிறகு நீங்கள் திரையை எத்தனை முறை பூட்டினாலும் பெரும்பாலான கோப்புகளின் சாவி போனின் தற்காலிக நினைவகத்தில் (ராம்) இருந்துகொண்டே இருக்கும். அப்போது லாக் ஸ்கிரீன் என்பது திறந்த கதவுக்கு முன் தொங்கும் திரைச்சீலை மாதிரிதான். 2022 நவம்பரில் இது வெட்டவெளிச்சமானது. டேவிட் ஷூட்ஸ் என்ற ஆய்வாளர் பூட்டிய பிக்சல் 6-இல் தன்னுடைய சிம்மை மாட்டினார். சிம்மின் பின் நம்பரை மூன்று முறை தவறாகப் போட்டார். பிறகு அந்த சிம்முக்கு உரிய பியுகே எண்ணை, அதாவது பூட்டிக்கொண்ட சிம்மைத் திறக்கும் எண்ணை, போட்டார். போன் திறந்துகொண்டது. போனின் பின் நம்பரோ கைரேகையோ கேட்கவே இல்லை. கூகுள் அவருக்கு 70,000 டாலர் பரிசளித்து, அந்த மாத அப்டேட்டில் ஓட்டையை அடைத்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: ரீஸ்டார்ட் ஆகி ஒருமுறைகூடத் திறக்காத நிலையில் இதே வித்தையைச் செய்தபோது போன் ‘தொடங்குகிறது’ என்ற செய்தியோடு அப்படியே நின்றுவிட்டது. திரை ஏமாந்தது; குறியாக்கம் ஏமாறவில்லை.

2024 ஏப்ரலிலும் இதே கதை. ஒருமுறை திறந்த பிறகு பூட்டிய நிலையில் பிடிபட்ட பிக்சல்களை ரீஸ்டார்ட் செய்து, நினைவகத்தில் மிஞ்சியிருப்பதைத் தடயவியல் நிறுவனங்கள் உறிஞ்சிக்கொண்டிருந்ததை கிராஃபீன்ஓஎஸ் (பாதுகாப்பை முன்னிறுத்தும் ஒரு மாற்று ஆண்ட்ராய்டு) குழு கண்டுபிடித்துச் சொன்னது. அதன் பிறகு வந்த அப்டேட்டில் அதற்குத் தடுப்பு வந்தது. ஏழு ஆண்டு அப்டேட்டை இவ்வளவு தூக்கிப் பேசுவதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். அப்டேட் நின்றுபோன போனில் இப்படிப்பட்ட ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும்.

2025 ஏப்ரல் முதல், மூன்று நாள் தொடர்ந்து பூட்டியே இருக்கும் ஆண்ட்ராய்டு போன் தானாக ரீஸ்டார்ட் ஆகிப் பழைய உறுதியான நிலைக்குத் திரும்பும் வசதியை கூகுள் கொண்டுவந்தது. ஐபோனில் ஐஓஎஸ் 18-இலேயே இது வந்துவிட்டது. மூன்று நாள் என்பது அதிகம் என்பதே எங்கள் கருத்து. நேரத்தைக் குறைக்கும் வசதி பிக்சலில் இல்லை. விமான நிலையம், கூட்ட நெரிசல், விடுதி அறை போன்ற இடங்களுக்குப் போகும் முன் கையாலேயே பவர் ஆஃப் செய்துவிடுவது நல்லது.

கைரேகை சென்சார் திரைக்கு அடியில் இருந்து ஒளியால் ரேகையைப் படிக்கும் வகை. மலிவான தடித்த டெம்பர்ட் கிளாஸ் ஒட்டினால் தடுமாறும். ஒட்டிய பிறகு பழைய ரேகையை அழித்துவிட்டு மறுபடி பதியுங்கள். டிஸ்பிளே செட்டிங்ஸில் ஸ்கிரீன் புரொடெக்டர் மோடையும் ஆன் செய்யுங்கள். ஈரக் கை, மருதாணி, சிமென்ட் வேலையில் தேய்ந்த விரல் எல்லாம் சிக்கல்தான். இரண்டு கையிலும் கட்டைவிரலைப் பதிந்து வைத்தால் கொஞ்சம் சமாளிக்கலாம். முகத்தைக் காட்டித் திறப்பது பிக்சல் 7-இல் திரைக்கு மட்டும் பயன்பட்டது. 8-இல் வங்கிச் செயலிக்கும் பணம் செலுத்தவும் ஏற்கப்படுகிறது. ஆனால் அகச்சிவப்புக் கேமரா இல்லாததால் இருட்டில் வேலை செய்யாது. ரேகையும் முகமும் பின் நம்பருக்கு மாற்று ஆகாது. 72 மணி நேரத்துக்கு ஒருமுறையும், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் பின் நம்பர் கேட்கும். தூங்கும்போது யாரும் விரலைப் பிடித்து வைத்துத் திறந்துவிடக்கூடாது என்றால் பவரையும் வால்யூம் அப்பையும் சேர்த்து அழுத்தி, ‘லாக்டவுன்’ தொடுங்கள். அடுத்து பின் நம்பர் போடும் வரை ரேகையும் முகமும் செயல்படாது.

இனி, பெட்டியிலிருந்து வரும்போது தவறாக இருப்பவை. லாக் ஸ்கிரீனில் ஓடிபி முழுதாகத் தெரியலாம். நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் ‘சென்சிடிவ் நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்பதை அணையுங்கள். செக்யூரிட்டி அண்ட் பிரைவசி, டிவைஸ் அன்லாக், ஸ்கிரீன் லாக் என்று போய் அருகில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டால், திரை அணைந்து ஐந்து விநாடி கழித்துத்தான் பூட்டும் என்று இருக்கும். ‘உடனே’ என மாற்றுங்கள். ‘எக்ஸ்டெண்ட் அன்லாக்’ என்பதில், போன் உங்கள் உடம்போடு இருக்கும்வரை பூட்டாமல் வைக்கும் வசதி உண்டு. பறித்துக்கொண்டு ஓடுபவனின் உடம்பும் அதற்கு உடம்புதான். தொடவே வேண்டாம்.

திருட்டுப் பாதுகாப்பு கூகுள் செட்டிங்ஸில், ‘ஆல் சர்வீசஸ்’ என்பதற்குள் ஒளிந்திருக்கிறது. பறிப்பை உணர்ந்து பூட்டுவது, நெட்டைத் துண்டித்தால் பூட்டுவது, வேறு போனிலிருந்து நம் எண்ணைப் போட்டுப் பூட்டுவது, மூன்றையும் ஆன் செய்யுங்கள். கடைசியது முன்கூட்டியே அமைத்திருந்தால்தான் வேலை செய்யும், திருடுபோன போனில் நெட்டும் இருக்க வேண்டும். அதே இடத்தில் ‘ஐடென்டிட்டி செக்’ இருக்கிறது. 2025-இல் வந்தது, ஆண்ட்ராய்டு 15 வேண்டும். இதுவரை வந்தவற்றில் மிகப் பயனுள்ளது இதுதான். டீக்கடையில் நீங்கள் பின் நம்பர் போடுவதை எட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு போனைத் தூக்குபவனுக்கு எதிராக குறியாக்கம் எதுவும் செய்யாது. சாவி அவன் கையில் இருக்கிறது. ஐடென்டிட்டி செக் ஆனில் இருந்தால், வீடு, அலுவலகம் என்று நீங்கள் குறித்த இடங்களுக்கு வெளியே பின் நம்பரை மாற்றவோ, சேமித்த கடவுச்சொற்களைப் பார்க்கவோ, போனைத் தேடும் வசதியை அணைக்கவோ ரேகை அல்லது முகம் கட்டாயம்.

போன் பூட்டியிருந்தாலும் சிம் பூட்டியிருக்காது. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அங்கே போகும். மோர் செக்யூரிட்டி அண்ட் பிரைவசியில் ‘சிம் லாக்’ போடுங்கள். முதலில் கேட்கப்படுவது உங்களுக்கு சிம் தந்த நிறுவனம் வைத்திருக்கும் தொடக்க எண். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள், ஊகிக்காதீர்கள். மூன்று தவறில் பியுகே கேட்கும். பியுகே பத்து முறை தவறினால் சிம் செத்துப்போகும்.

குறைகளில் பெரியது ஒன்று. ஐபோனில் பத்து தவறான முயற்சிக்குப் பின் தரவை அழிக்கும்படி வைக்கலாம், சாம்சங்கிலும் அதுபோல் உண்டு. பிக்சலில் அப்படி ஒரு பொத்தான் இல்லை. இந்த விலைக்கு அது இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்றைக் குறை என்று சொல்ல முடியாது, ஆனால் தெரிந்தே வாங்க வேண்டும். பின் நம்பர் மறந்தால் மீட்க வழியே இல்லை. சர்வீஸ் சென்டரும் கூகுளும் கைவிரிப்பார்கள். மதர்போர்டு மாற்றினாலும் தரவு போனதுதான். சாவி பழைய சில்லோடு போய்விடுகிறது. பேக்கப் இருந்தாக வேண்டும். வாட்ஸ்அப் பேக்கப்புக்குத் தனிக் குறியாக்கம் அதன் செட்டிங்ஸில் நீங்களாக ஆன் செய்தால்தான் உண்டு. போனின் பூட்டு அங்கே வரை நீளாது.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது “பின் நம்பர் சொல்லுங்க சார், டெஸ்ட் பண்ணணும்” என்பார்கள். சொல்லாதீர்கள். சிஸ்டம் பகுதியில் ‘ரிப்பேர் மோட்’ இருக்கிறது. ஆண்ட்ராய்டு 14-உம் 2 ஜிபி காலி இடமும் போதும். ஆன் செய்ததும் போன் ரீஸ்டார்ட் ஆகி, உங்கள் தரவு எதுவும் இல்லாத புது போன் போல எழும். திரை, ஸ்பீக்கர், கேமரா எல்லாவற்றையும் அவர்கள் சோதிக்கலாம். திரும்பி வந்ததும் நோட்டிஃபிகேஷனைத் தொட்டு, பின் நம்பர் போட்டு வெளியேறினால் உங்களுடையது அப்படியே இருக்கும்; அவர்கள் போட்டுப் பார்த்தது அழிந்துவிடும். திரையே செத்துப்போயிருந்தால் இதை ஆன் செய்ய முடியாது. அப்போது பவர் ஆஃப் செய்து கொடுங்கள், திரை மாற்றியதும் நேரில் போய் நீங்களே பின் நம்பர் போட்டுச் சோதியுங்கள்.

விற்கும்போது, படங்களை ஒவ்வொன்றாக அழித்து மேலே சினிமா ஏற்றி நிரப்புவதெல்லாம் தேவையில்லை. முதலில் கூகுள் கணக்கை நீக்குங்கள், இல்லாவிட்டால் வாங்கியவர் உங்கள் கடவுச்சொல் கேட்டு நிற்பார். பிறகு செட்டிங்ஸ் வழியாக ஃபேக்டரி ரீசெட். சில நிமிடத்தில் முடிவதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம். அது சாவியை அழிக்கிறது, சாவி போன பிறகு கோப்புகளை யாரும் படிக்க முடியாது.