389 யூரோ கொடுத்து வேறொருவருடைய தாத்தாவை வாங்கிய கதை

அயர்லாந்துப் பரம்பரை, குடும்ப மரம், குலச்சின்னம் என்று இணையத்தில் எதையாவது பார்த்துவிட்டுப் பணம் கட்டப் போகிறீர்களா? கார்டு எண்ணை அடிப்பதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை, அதனால் 389 யூரோ போயிற்று. பணத்தைவிட, மாமனாரின் பிறந்தநாளன்று எல்லார் முன்னாலும் பட்ட வெட்கம்தான் இன்னும் உறுத்துகிறது.

நான் கார்க் நகரத்தில் செவிலியராக இருக்கிறேன். கணவர் இந்த நாட்டுக்காரர். அவருடைய அப்பா கெர்ரி கவுண்டியில் கென்மேர் பக்கத்துக் கிராமம். சல்லிவன் குடும்பம். இங்கே மாமனாரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது கடைசிவரை வாயில் வரவே இல்லை. 'மாமா' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன், அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். அவருக்கு 75 வயது நிறைவதற்கு என்ன கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நைட் டியூட்டி இடைவேளையில் போனில் அந்த விளம்பரம் வந்தது. பச்சை மலை, இடிந்த கோட்டை, பின்னணியில் ஹார்ப் இசை. "உங்கள் அயர்லாந்து வேர்களை நாங்கள் தேடித் தருகிறோம்", 79 யூரோ.

79-இல் நின்றிருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது. நான்காவது நாள் மின்னஞ்சல்: உங்கள் குடும்பத்தைப் பற்றி 'அரிய ஆவணங்கள்' கிடைத்திருக்கின்றன, திறக்க 140 யூரோ. கட்டினேன். அடுத்த வாரம்: உங்கள் குடும்பத்தின் குலச்சின்னமும் கிடைத்துவிட்டது, படச்சட்டம் போட்டு அனுப்ப 95. அதையும் கட்டினேன். இதற்கிடையில் மாதம் 24.99 யூரோ சந்தா ஒன்று தானாகவே ஓட ஆரம்பித்திருக்கிறது. மூன்று மாதம் கழித்து வங்கிக் கணக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஊரில் பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்கினால் கறிவேப்பிலை கேட்டு வாங்கி வருகிறவள் நான். எப்படி ஏமாந்தேன் என்று இப்போதும் புரியவில்லை.

பிறந்தநாளன்று சட்டத்தைப் பிரித்தார் மாமா. கேடயம், அதன்மேல் விலங்கு, கீழே லத்தீனில் ஏதோ ஒரு வரி. கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அழகாக இருக்கிறதம்மா. ஆனால் இதை எங்களுக்கு யார் கொடுத்தது? நாங்கள் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அல்லவா?"

மேசையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் சுருக்கென்றது.

அவர் சொன்னதில் ஒரு முழு வரலாறு இருக்கிறது. கென்மேரைச் சுற்றியிருந்த நிலத்தில் பெரும்பகுதி லான்ஸ்டவுன் மார்க்வெஸ் என்ற பிரபுக் குடும்பத்தின் எஸ்டேட். 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு, ஏழைக் குடியானவர்களை வைத்துக் காப்பாற்றுவதைவிடக் கப்பலேற்றுவது செலவு குறைவு என்று கணக்குப் போட்டு, 1851-ஐ ஒட்டி ஆயிரக்கணக்கானவர்களை டிக்கெட் எடுத்துக் கொடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பியது அந்த எஸ்டேட். பலர் போய்ச் சேர்ந்த இடம் நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் சேரி. (அதே குடும்பத்தின் ஐந்தாம் மார்க்வெஸ்தான் 1888 முதல் 1894 வரை நமக்கு வைஸ்ராய். கெர்ரியிலும் கல்கத்தாவிலும் ஒரே துரை!) மீதி இருந்த குடியானவர்களின் வம்சம்தான் மாமா. அவர்கள் வீட்டில் கேடயம் எங்கிருந்து வரும்?

சட்டத்தோடு 42 பக்க அறிக்கை ஒன்றும் வந்திருந்தது. அதில் முப்பது பக்கம் போலச் சல்லிவன் என்ற பெயரின் பெருமை, பஞ்சத்தின் கொடுமை, கெல்ட்டியர்களின் வீரம். பெயரை மாற்றினால் மர்ஃபிக்கும் பொருந்தும், ரயனுக்கும் பொருந்தும். மீதிப் பக்கங்களில் மாமாவின் தாத்தா ஜெரமையாவைப் பற்றிய 'கண்டுபிடிப்பு': அவர் கார்க் கவுண்டியில் பேண்டன் ஊரில் பிறந்தவராம். கூடவே 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவருடைய பெற்றோர் எந்த வீட்டில், எத்தனை பிள்ளைகளோடு இருந்தார்கள் என்ற விவரம், பக்க எண் சகிதம்.

"பேண்டனா? எங்கள் ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் சந்தைக்குக்கூடப் போனதில்லை" என்றார் மாமா. எனக்குச் சந்தேகம் தட்டியது அப்போதுதான். அடுத்த விடுமுறை நாளில் அறிக்கையைப் பையில் போட்டுக்கொண்டு டப்ளினுக்கு ரயிலேறினேன். கில்டேர் தெருவில் தேசிய நூலகம் இருக்கிறது. அங்கே குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லவே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டணம் கிடையாது. எனக்கு உதவிய அம்மையார் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர், 1871 என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இது இவர்களுக்கு எங்கே கிடைத்தது? எங்களிடம் இல்லையே."

விஷயம் இதுதான். கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் போலி அறிக்கையைப் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. அயர்லாந்தில் 1821 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடந்தது. 1861, 1871 இரண்டின் வீட்டுப் படிவங்களையும் புள்ளிவிவரம் எடுத்து முடித்ததும் அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப்போர்ச் சமயத்தில் காகிதக் கூழாகிவிட்டன. 1821 முதல் 1851 வரையிலான நான்கும் பத்திரமாக டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்து ஆவணக் காப்பகத்தில் இருந்தன. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போர் தொடங்கிய மூன்றாம் நாள், அந்தக் கட்டிடம் வெடித்து எரிந்தது. சில துண்டு துணுக்குகள் தவிர எல்லாம் சாம்பல். ஆகவே நாடு முழுவதற்கும் முழுதாகக் கிடைக்கிற மிகப் பழைய கணக்கெடுப்பே 1901-தான். இல்லாத 1871 படிவத்திலிருந்து எனக்குப் பக்க எண் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். துணிச்சலுக்குப் பஞ்சமில்லை.

அந்த அம்மையார் ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கைந்து தளங்களின் பெயரை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாமாவும் நானும் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். செலவு: தேநீர்.

தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் 1901, 1911 கணக்கெடுப்புகளின் அசல் படிவங்களே இருக்கின்றன, இலவசம். ஐரிஷ்ஜீனியாலஜி டாட் ஐஇ அரசாங்கத் தளம். 100 வருடம் கடந்த பிறப்பு, 75 கடந்த திருமணம், 50 கடந்த இறப்புப் பதிவுகளின் படங்கள் அங்கே. கெர்ரியின் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளும் (தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவுகள்) அதே தளத்தில் பெயர் போட்டுத் தேடும்படி கிடைக்கின்றன. நான் 140 யூரோ கொடுத்துத் 'திறந்த' அரிய ஆவணங்கள் மூன்றும் அங்கிருந்து இறக்கியவைதான். மற்ற கவுண்டிக்காரர்களுக்குத் தேசிய நூலகம் 1880 வாக்கு வரையிலான பங்குப் பதிவேடுகளை 2015-இலிருந்து இலவசமாகப் போட்டிருக்கிறது. பெயர் போட்டுத் தேட முடியாது, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும், கையெழுத்து கண்ணைப் பிடுங்கும்.

அப்புறம் பேண்டன் எப்படி வந்தது என்பதும் தெரிந்தது. ஜெரமையாவின் திருமணப் பதிவில் அவருடைய அப்பா பெயரும் ஜெரமையா என்றே இருக்கிறது. நிறுவனத்தார் 'ஜெரமையா மகன் ஜெரமையா' என்று தேடியிருக்கிறார்கள், பேண்டனில் ஒன்று மாட்டியது, எடுத்து ஒட்டிவிட்டார்கள். கென்மேரில் அவர் பிறந்த பதிவிலோ அப்பா பெயர் டார்பி. அது வேறு ஆள் என்று நானும்தான் நினைத்தேன். மாமா சிரித்தார். "இரண்டும் டியர்மிட்தான்." ஐரிஷ் மொழியில் டியர்மிட் என்று வீட்டில் கூப்பிடும் ஆளை, எழுதுகிறவர் மனம்போல டார்பி என்றோ ஜெரமையா என்றோ ஆங்கிலத்தில் எழுதுவார்கள். டைக் என்பவர் திமோதி ஆவார். இந்தப் பக்கத்துக்கே உரிய கோப்னட் என்ற பெண் பெயர், பதிவேட்டில் அபிகயில், டெபோரா என்று எதுவாகவும் வரலாம். 1901 படிவத்தில் கென்மேர் பக்கத்து அதே டவுன்லேண்டில், அதே வீட்டில் அப்பாவும் மகனும் சேர்ந்து இருந்ததைப் பார்த்த பிறகுதான் நிச்சயமானது. டவுன்லேண்ட் என்பது நம் குக்கிராமத்தைவிடச் சின்ன நிலப்பிரிவு. நாடு முழுக்க 60,000-க்கு மேல் இருக்கின்றன. அது தெரியாமல் பெயரை மட்டும் வைத்து அயர்லாந்தில் யாரையும் தேட முடியாது. நிறுவனம் என்னிடம் டவுன்லேண்ட் எது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பெயர்க் குழப்பத்துக்கு இன்னொரு காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்று இங்கேயும் வழக்கம் இருந்திருக்கிறது. 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்'தான், பாட்டன் பெயரைச் சுமப்பவன் என்று மாமாவிடம் சொன்னேன். ஐந்து மகன்கள் தங்கள் மூத்த பிள்ளைக்கெல்லாம் தாத்தா பெயரை வைத்தால், ஒரே மலைச்சரிவில் ஒரே வயதில் ஐந்து ஜெரமையா சல்லிவன். அதனால்தான் ஒவ்வொரு கிளைக்கும் பட்டப்பெயர். மாமா குடும்பத்துப் பட்டப்பெயரை இங்கே சொல்லக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு.

வயது விஷயமும் ஒன்று. ஜெரமையாவின் அம்மாவுக்கு 1901-இல் 60 வயது, 1911-இல் 74. தப்பாகத் தேடிவிட்டோமோ என்று பயந்தேன். இல்லை, அந்தக் காலத்தில் பாதிக் கிழவிகள் இப்படித்தான் வளர்ந்திருக்கிறார்கள். 1909 ஜனவரியில் 70 வயதானவர்களுக்கு முதியோர் பென்ஷன் ஆரம்பித்தது. பிறப்புப் பதிவோ 1864-இல்தான் தொடங்கியது. பென்ஷனுக்காக வயதைக் கூட்டிச் சொன்னால் மறுக்கச் சான்றிதழ் யாரிடம் இருக்கும்? நிறுவனத்தின் அறிக்கை பேண்டன் குடும்பத்தை நிரூபிக்க, 'வயது பொருந்தவில்லை' என்று இந்தக் கென்மேர் கிழவியைத்தான் தள்ளியிருந்தது.

குலச்சின்னத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது ஒரு தனி ஆளுக்கு வழங்கப்பட்டு அவர் வாரிசுகளுக்குப் போவது. சல்லிவன் என்று பெயர் வைத்தவர்களுக்கெல்லாம் பொதுவாக ஒன்று என்பது கடைச்சரக்கு. அயர்லாந்தில் அதை முறையாக வழங்குவது தேசிய நூலகத்தின் கீழிருக்கும் தலைமை ஹெரால்ட் (குலச்சின்ன அதிகாரி) அலுவலகம், வேறு யாரும் இல்லை. சுற்றுலாக் கடையில் சாவிக்கொத்தில் தொங்குவதை வாங்கி மாட்டிக்கொள்வது வேறு. 'உங்கள் குடும்பத்துக்குரியது' என்று சான்றிதழ் அடித்து 95 யூரோ வாங்குவது வேறு.

பணம் திரும்பக் கேட்டேன். 'ஆராய்ச்சி தொடங்கிவிட்டதால் திருப்பித் தர இயலாது' என்று ஒரே பதில் நான்கு முறை வந்தது. டப்ளினில் அலுவலகம் என்று போட்டிருந்த முகவரிக்கும் போனேன். அது கடிதம் வாங்கிவைக்கும் இடம், வரவேற்பில் இருந்த பையனுக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. வங்கியில் தகராறு மனு போட்டதில் சந்தாப் பணம் 74.97 மட்டும் திரும்பியது. மீதிக்கு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தில் புகார் பதிந்திருக்கிறேன். நம்பிக்கை பெரிதாக இல்லை.

இதைவிடப் பயமாக இருந்தது வேறொன்று. ஆரம்பத்திலேயே 'ஆவணங்களைச் சரிபார்க்க' என்று கணவரின் பிறந்த தேதி, அவர் அம்மாவின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர், பாஸ்போர்ட் படம் மூன்றையும் கேட்டார்கள். அந்தக் குடும்பப் பெயர் இங்கே பல வங்கிகளில் அடையாளக் கேள்வி. நல்லவேளையாகப் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை, அதுவும் ஸ்கேன் செய்யச் சோம்பல்பட்டதால். கணவரின் வங்கிக் கடவுச்சொற்களையெல்லாம் அன்று இரவே மாற்றினோம். நூறு வருடத்துக்கு முன் இறந்தவர்களைத் தேட, உயிரோடு இருப்பவரின் பாஸ்போர்ட் எதற்கு?

காசு வாங்குகிற எல்லாரும் திருடர்கள் என்று சொல்ல வரவில்லை. கவுண்டி மரபு மையங்கள் அட்டவணைப்படுத்திய பதிவேடுகளுக்குச் சந்தா உண்டு, அது நியாயமான வேலை. ஆள் வைத்துத் தேடுவதென்றால் அங்கீகாரம் பெற்ற மரபாய்வாளர்களுக்கு இங்கே தனிச் சங்கமே இருக்கிறது. அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி 'எந்த டவுன்லேண்ட்?' என்பதாக இருக்கும்.

குலச்சின்னத்தை மாமா கழற்றிவிட்டார். 95 யூரோச் சட்டத்தை வீணாக்க மனமில்லாமல், 1911 படிவத்தை நூலகத்தில் அச்செடுத்து அதில் மாட்டியிருக்கிறார்: கீழே ஜெரமையாவின் கோணல்மாணலான கையெழுத்து, உள்ளே ஒரு வயதுப் பிள்ளையாக மாமாவின் அப்பா.

நேற்று அதே நிறுவனத்திலிருந்து எனக்கு இன்னொரு மின்னஞ்சல். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், நம் எல்லாரையும் போல, அப்பா பெயர்தான் இருக்கிறது. முருகேசன் குடும்பத்தின் பழம்பெரும் குலச்சின்னத்தைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். 89 யூரோ, இந்த வாரம் மட்டும்.