கரோல் பாக்கில் சிடெட் வார இறுதி வகுப்பு: பட்டதாரிகளுக்கு எந்த அளவுக்கு உதவும்?

கரோல் பாக் மெட்ரோவிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு பயிற்சி நிலையத்தில், மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வான சிடெட்டின் இரண்டாம் தாளுக்காக (ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களுக்கானது) வார இறுதி வகுப்பில் படித்தேன். பட்டம் முடித்துவிட்டு ஆசிரியர் வேலையை எண்ணியிருக்கும் தில்லித் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இதைப் பற்றி விசாரிப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும் என்ற பாடம் ஒன்றுக்காகவே இங்கே சேரலாம். பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் அதை நடத்துகிறார். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே பற்றிய வகுப்பில் ஒரே அளவு தண்ணீர் நிரம்பிய இரண்டு தம்ளர்களை மேசையில் வைத்து, ஒன்றிலிருந்ததை ஒடுங்கிய உயரமான பாத்திரத்துக்கு மாற்றினார். ஐந்து வயதுக் குழந்தை உயரமானதில்தான் தண்ணீர் அதிகம் என்று ஏன் சொல்கிறது என்று எங்களைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருந்தார். சிடெட்டில் இந்தப் பகுதிக்கு 30 வினாக்கள். அவற்றில் பல, வகுப்பறையில் நடக்கும் ஒரு நிகழ்வைச் சொல்லி ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவை. வரையறைகளை மனப்பாடம் செய்து அவற்றைச் சமாளிக்க முடியாது; அவர் நடத்திய விதத்தில் படித்தால் முடியும்.

விசாரணை மேசையில் சொல்லப்படுவதை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது. என் முன்னால் நின்ற பி.எஸ்சி. முடித்த பெண்ணிடம், பி.எட். படித்து முதல் தாளில் தேறினால் தொடக்கப் பள்ளியிலும் சேரலாம் என்று உறுதியாகச் சொன்னார்கள். தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். தகுதி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. ஒன்று முதல் ஐந்து வரை கற்பிக்க விரும்புபவர் டி.எல்.எட். என்ற தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பின் வழியில்தான் போக வேண்டும். ஓர் இளம்பெண்ணின் இரண்டு ஆண்டுகளும் அவள் பெற்றோரின் பணமும் இதில் அடங்கியிருக்கின்றன என்பதால், இந்தத் தவறு எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

இன்னொரு குறை நம்மவர்களைப் பற்றியது. முதல் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுக்க சிடெட் அனுமதிக்கிறது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே இந்தியும் ஆங்கிலமும்தான் நடக்கின்றன. தமிழை எடுத்தவர்களையும் இந்திக்கு மாறும்படி வற்புறுத்துகிறார்கள். வீட்டில் தமிழ் பேசி, தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் தமிழ் படித்து வந்த பிள்ளைகள் மாற வேண்டிய தேவையே இல்லை. மொழித் தாளின் 30 வினாக்களில் பாதி வாசித்துப் புரிந்துகொள்வது, மீதிப் பாதி மொழியைக் கற்பிக்கும் முறை. அந்தப் பிற்பாதிக்குரிய கலைச்சொற்களை மட்டும் முந்தைய தமிழ் வினாத்தாள்களை வைத்துப் பழகிக்கொண்டால் போதும்.

மாதிரித் தேர்வுகள் ஒழுங்காக நடக்கின்றன, விடைத்தாள்களும் உடனே திருத்தித் தரப்படுகின்றன. கணக்கு வகுப்பு சுமார்தான்.

இந்த நிலையம் தன் விளம்பரத்தில் இதை 'ஆசிரியர் பயிற்சி' என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 150க்கு 90 மதிப்பெண் எடுத்தால் கிடைக்கும் சான்றிதழ், தில்லி அரசுப் பள்ளிக்கோ கேந்திரிய வித்யாலயாவுக்கோ விண்ணப்பிக்கும் தகுதியை மட்டுமே தருகிறது. வேலைக்கு வேறு தேர்வு உண்டு. பயிற்சி என்பது பி.எட்.டின் இரண்டாம் ஆண்டில், 16 வாரம் பள்ளியில் நின்று, பாடத் திட்டம் எழுதி, நாற்பது பிள்ளைகளின் முன்னால் அது குலைந்துபோவதைப் பார்த்து, மறுநாள் மாற்றி எழுதுவதில்தான் நடக்கிறது. ஆகவே பி.எட். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதோடு, அந்த 16 வாரமும் எந்தப் பள்ளிக்கு அனுப்புவார்கள், யார் உடனிருந்து பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள்.

பி.எட். படித்துக்கொண்டே சிடெட் எழுத நினைப்பவர்கள், குழந்தை வளர்ச்சிப் பாடத்துக்கு மட்டும் தனியாகப் பணம் கட்டிச் சேரலாம். விளம்பரத்தில் அந்த வசதி இல்லை, நேரில் கேட்டால் தருகிறார்கள்.