திரையில் எழும் நிலவு: வெள்ளவத்தையிலிருந்து நான்கு ஆண்டு அனுபவம்

இரவு வானத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளை நான்கு ஆண்டுகளாக எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடிக்குக் கொண்டுசென்று, வானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து வருகிறேன். விண்மீன்களின் இடங்களை இன்று எல்லா மென்பொருள்களும் சரியாகவே காட்டுகின்றன. ஒன்றின் தரத்தை நிலவின் ஒளியில்தான் சோதிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முன்பு என் கைபேசியிலிருந்த ஒரு செயலி, முழுநிலவை நடுவில் வெளுத்து விளிம்பில் மங்கும் பந்தாக வரைந்தது. பூரணை தினத்தில் கட்டடங்களுக்கு மேலே வரும் நிலவு அப்படி இருப்பதில்லை. விளிம்பும் நடுவும் ஏறத்தாழ ஒரே வெளிச்சத்தில், தேய்த்து வைத்த வெள்ளித்தட்டுப் போலத் தெரியும். நிலவின் தரையில் படிந்த கரடுமுரடான தூள், ஒளியை வந்த திசைக்கே மிகுதியாகத் திருப்புவதுதான் காரணம். ஸ்டெல்லேரியம் சொரசொரப்பான பரப்புகளுக்குரிய ஓரன்–நாயர் ஒளிக் கணக்கீட்டு முறையைக் கையாள்வதால், அந்தத் தட்டைத் தோற்றம் திரையிலும் வருகிறது.

பலரும் கவனிக்காத இன்னொன்று அரைநிலவு. பாதி வட்டம் ஒளிர்வதால் ஒளியும் பாதி என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். வான்பொருளின் வெளிச்சத்தைக் குறிக்கும் பொலிவெண் குறையக் குறைய ஒளி பல மடங்கு மிகும். முழுநிலவின் பொலிவெண் ஏறத்தாழ −12.7, அரைநிலவினது −10 அளவு. அதாவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பக்கவாட்டு வெயிலில் ஒவ்வொரு துகளும் தன் நிழலை அடுத்ததன்மேல் வீழ்த்துகிறது. பூரணையன்றோ அந்த நிழல்கள் நம் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றன.

கொழும்பின் ஈரக்காற்றுக்காக ஓர் அமைப்பை மாற்றினேன். காற்று விழுங்கும் ஒளிக்கான குணகத்தை 0.30 ஆக உயர்த்தியதும், தொடுவானத்திலிருந்து 10 பாகை உயரத்திலுள்ள நிலவு ஐந்தில் ஒரு பங்காக மங்கியது. கிழக்கே பழுப்பேறி எழும் நிலவுக்கு அதுவே பொருந்துகிறது.

திரையால் இயலாததும் உண்டு. கடலுக்கு மேல் தோணி போலச் சாய்ந்திருக்கும் மூன்றாம் பிறையில், ஒளிரும் கீற்றுக்கும் பூமியொளி (பூமி திருப்பியனுப்பும் சூரிய ஒளி) படிந்த இருண்ட பகுதிக்கும் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு இருக்கிறது. சாதாரணக் கணினித் திரை அதை முழுமையாகக் காட்டுவது கடினம். அதனால் மென்பொருளில் மறையும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, அந்தப் பிறையைக் காண பைனாகுலருடன் மாடியேறிவிடுகிறேன்.