ஸ்டீம், ஜிஓஜி, எபிக், இட்ச்: எந்த கேம் கடைக்கு வரும் என்று முடிவு செய்வது யார்?

இரண்டு மூன்று பேர் சேர்ந்து, வருடக்கணக்கில் உழைத்து ஒரு கேமை முடிக்கிறார்கள். அதை எந்தக் கடை ஏற்கும் என்பதில்தான் அவர்களுடைய அடுத்த சில வருடங்கள் இருக்கின்றன. இணையத்தில் கணினி கேம்களை விற்கும் இந்த நான்கு கடைகளும் இதை நான்கு விதமாக முடிவு செய்கின்றன.

ஸ்டீமில் 2012 வரை, அதை நடத்தும் வால்வ் நிறுவனத்து ஆட்களே பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு கிரீன்லைட் வந்தது: விளையாடுபவர்கள் வாக்களித்தால் உள்ளே போகலாம். ஸ்டார்டியூ வேலி என்ற புகழ்பெற்ற விவசாய கேம் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் வாக்குக்காக இலவச கேம்களை அள்ளிக் கொடுப்பவர்களும் கிளம்பினார்கள். 2017 ஜூனில் அதை மூடிவிட்டு, பணம் கட்டினால் போதும் என்றாக்கினார்கள்.

இப்போது ஒரு கேமுக்கு 100 டாலர். விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் அது திரும்பக் கிடைக்கும். முதல் கேம் என்றால் பணம் கட்டியபின் 30 நாள் காத்திருக்க வேண்டும். 'விரைவில்' என்ற பக்கம் குறைந்தது இரண்டு வாரம் தொங்க வேண்டும். கேம் ஓடுகிறதா, பக்கத்தில் சொன்னது உள்ளே இருக்கிறதா என்று வால்வ் பார்க்கும். நன்றாக இருக்கிறதா என்பதை யாரும் பார்ப்பதில்லை. 2024-ல் மட்டும் 18,000-க்கும் மேல் கேம்கள் வந்தன. நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது. ஆக, வாசலில் இருந்த தேர்வு அலமாரிக்கு நகர்ந்துவிட்டது. எத்தனை பேர் விஷ்லிஸ்டில் (பிறகு வாங்கக் குறித்துவைக்கும் பட்டியல்) போட்டார்கள், எவ்வளவு வேகமாக விற்றது என்பதை வைத்து, முன்பக்கத்தில் எது தெரிய வேண்டும் என்று கணினி முடிவு செய்கிறது.

போலந்தின் ஜிஓஜி இதற்கு நேர் எதிர். ஆட்கள் உட்கார்ந்து பார்த்துத்தான் சேர்க்கிறார்கள். நகல் எடுக்க முடியாதபடி பூட்டுப் போட்ட கேமை விற்பதில்லை. வாங்கினால் கோப்பு நம் கையில். எனக்குப் பிடித்த கடை இது. இருந்தாலும், ஸாக்ட்ரானிக்ஸின் ஓபஸ் மேக்னம் என்ற அருமையான புதிர் கேமை இவர்கள் முதலில் நிராகரித்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. அதே அணியின் முந்தைய கேம்கள் அங்கே விற்பனையில் இருந்தன. ஆட்கள் கேள்வி கேட்டார்கள், பிறகு சேர்த்துக்கொண்டார்கள். 2020 டிசம்பரில், சீன அதிபரைக் கேலி செய்ததாகச் சர்ச்சையில் சிக்கிய தைவானின் டிவோஷன் கேமை விற்கப்போவதாக அறிவித்துவிட்டு, சில மணி நேரத்திலேயே பின்வாங்கினார்கள். மனிதர்கள் தேர்ந்தெடுத்தால் ரசனையும் வரும், பயமும் வரும்.

எபிக் 2018-ல் தொடங்கியபோது விற்பனையில் 12 சதவீதம்தான் எடுத்தது, ஸ்டீம் 30. ஆனால் டார்க் என்ற கேமை உருவாக்கியவர், 'எங்களிடம் மட்டும் விற்றால்தான் இடம்' என்று எபிக் சொன்னதாக 2019-ல் எழுதினார். 2023 மார்ச்சில் எபிக்கும் 100 டாலர் முறைக்கு வந்துவிட்டது.

இட்ச்சில் கட்டணமே இல்லை. இன்று பதிவேற்றினால் இன்றே விற்கலாம். கடைக்கு எத்தனை சதவீதம் என்பதையும் கேம் செய்தவரே வைக்கலாம், பூஜ்யம் உட்பட. இவ்வளவு திறந்த கடையையும் 2025 ஜூலையில் ஒரு கை மூடியது. பணம் செலுத்தும் நிறுவனங்களின் நெருக்கடியால் வயதுவந்தோருக்கான கேம்கள் மொத்தமாகத் தேடலிலிருந்து மறைக்கப்பட்டன. ஸ்டீமிலும் பல நீக்கப்பட்டன. அந்த வகை கேம்கள் உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், சரி. என் கவலை வேறு. ஜிஓஜி மறுத்தபோது ஜிஓஜியிடம் சண்டை போட முடிந்தது, ஓபஸ் மேக்னத்துக்கு வழி பிறந்தது. கார்டு நிறுவனம் மறுத்தால் யாரிடம் போய் நிற்பது?

முதல் கேம் செய்பவருக்கு நான் சொல்வது: கேமின் ஒரு பகுதியை முன்னோட்டமாக இட்ச்சில் இலவசமாக வையுங்கள். நாலு பேர் விளையாடி, எங்கே இடறுகிறது என்று சொல்லட்டும். அப்புறம் ஸ்டீம் பக்கத்தைத் திறந்து, வெளியீட்டுக்குப் பல மாதம் முன்பே விஷ்லிஸ்ட் சேருங்கள். இரண்டு வாரம் போதவே போதாது. கேம் தயாரானதும் ஜிஓஜிக்கும் விண்ணப்பியுங்கள். அங்கே ஒரு ஆளாவது திறந்து பார்ப்பார்.