சவானாவா, ஆக்கியா?

அமெரிக்காவில் எந்த ஊர்வன கண்காட்சிக்குப் போனாலும் இந்த இரண்டும் அடுத்தடுத்த மேசையில் இருக்கும். ஒன்றில் சவானா உடும்புக் குஞ்சு, சுமார் 50 டாலர். இன்னொன்றில் ஆக்கி உடும்புக் குஞ்சு, அதைப்போல எட்டுப் பத்து மடங்கு சொல்வார்கள். முதல்முறை வாங்க வந்தவரின் கை தானாகச் சவானா பக்கம் போகும். என் கையும் போனது.

(இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம். நம்ம ஊர் உடும்பு 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. வீட்டில் வைத்தால் சிறைதான்.)

விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? சவானாக் குஞ்சுகள் பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் நாடுகளில் இருந்து வருகின்றன. காட்டில் முட்டையைத் தோண்டியோ, சினையாக இருக்கும் தாயைப் பிடித்தோ பொரிக்க வைத்து, பெட்டி பெட்டியாக அனுப்புகிறார்கள். ஆக்கி ஆஸ்திரேலியப் பிராணி. அந்த நாடு தன் காட்டு விலங்குகளை வணிகத்துக்கு வெளியே விடுவதில்லை. அதனால் இங்கே விற்கும் ஆக்கி யாரோ ஒருவர் வீட்டில் முட்டையிட்டுப் பொரித்தது. அந்த உழைப்புக்குத்தான் விலை.

வளர்ந்தால் ஆக்கி இரண்டடி, அதிலும் பாதிக்கு மேல் வால். சவானா மூன்றடி, நான்கடி. ஆனால் நீளத்தைவிட முக்கியமானது மண். இரண்டுமே வளை தோண்டி வாழ்பவை. வளைக்குள் இருக்கும் ஈரக்காற்று இல்லாவிட்டால் உடம்பு மெல்ல வற்றிப்போகும். சவானாவுக்கு எட்டுக்கு நான்கடிக் கூண்டும் இரண்டடி ஆழ மண்ணும் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டரை டன் மண். மாடி வீட்டில் நினைத்தே பார்க்க முடியாது. ஆக்கிக்கு நான்குக்கு இரண்டடிக் கூண்டில் ஓரடி மண் போதும். அதுவும் முந்நூறு கிலோ தாண்டும், கடையில் வாங்கிய மேசை தாங்காது. வெயில் காயும் இடம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்: கல்லின் மேற்பரப்பு 55 முதல் 60 டிகிரி செல்சியஸ். சித்திரை மதியம் மொட்டைமாடியில் வெறுங்காலோடு நின்றவர்களுக்கு அந்தச் சூடு புரியும்.

என் சவானாவுக்கு நான் செய்தது மரப்பட்டைத் தூள் நான்கு விரற்கடை, வாரம் மூன்று எலி. கடைக்காரர் அப்படித்தான் சொன்னார். காட்டில் அது தின்பது வெட்டுக்கிளி, மரவட்டை, நத்தை. அதுவும் மழைக்காலத்தில் வயிறு முட்டத் தின்று, வறட்சியில் பட்டினி கிடக்கும். என் வீட்டில் வறட்சியே வரவில்லை. இரண்டாம் வருடம் வயிறு தரையில் இழுபட நடந்தது. அப்புறம் முன்னங்கால் மூட்டுகள் கொழுக்கட்டை போல வீங்கின. கவுட் என்றார் மருத்துவர், யூரிக் அமிலம் மூட்டுகளில் படியும் நோய். அதற்குமேல் நான்கு மாதம்தான்.

இப்போது என்னிடம் இருப்பது ஒரு ஜோடி ஆக்கி. கரப்பானும் சில்வண்டும்தான் சாப்பாடு. பிடிக்கப் போனால் கல் இடுக்கில் புகுந்து உடம்பை ஊதி, முள் வாலால் வாசலை அடைத்துக்கொள்ளும். உடும்புப்பிடி என்று சும்மா சொல்லவில்லை!

குஞ்சு பொரிக்க வைப்பதில் ஆக்கிக்குச் சவானா போட்டியே கிடையாது. ஆக்கி வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைகூட முட்டையிடும், ஒவ்வொரு தடவையும் பத்து முட்டை அளவுக்கு. ஈரமான வெர்மிகுலைட்டில் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) புதைத்து 28 முதல் 30 டிகிரியில் வைத்தால் மூன்று நான்கு மாதத்தில் பொரிக்கும். ஆணா பெண்ணா என்று கண்டுபிடிப்பதுதான் தலைவலி. நான் பெண் என்று நினைத்து வாங்கிய முதல் 'பெண்' ஆண். சவானா ஒரே தடவையில் இருபது, முப்பது முட்டை போடும். ஆனால் மண்ணின் ஆழமும் சூடும் ஈரமும் பிடிக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொள்ளும், பல நேரம் அதிலேயே செத்தும் போகும். கூண்டில் பொரித்த சவானாவைப் பார்ப்பது அரிதாக இருப்பது இதனால்தான்.

நீருடும்பு எப்படி என்று சிலர் கேட்கிறார்கள். ஆறடி வளரும், நீந்தத் தொட்டி வேண்டும். ஓர் அறையையே எழுதிக் கொடுக்க முடியுமானால் பேசலாம்.

இல்லை, எனக்குச் சவானாதான் வேண்டும், கீழ்த்தளத்தில் இடமும் இருக்கிறது என்றால், கண்காட்சி மேசைக்குப் போகாதீர்கள். வளர்க்க முடியாமல் மீட்பகங்களில் விட்டுப்போன பெரிய சவானாக்கள் கிடைக்கும். முதலில் மண்ணைக் கொட்டிவிட்டுப் போய்க் கேளுங்கள்.